எண்ணூறு கிராம் கம்ப்யூட்டரும் மூன்று நாள் சோதனையும்

சிவகாசி,
ஆவணி 22.

அருமை மகள் ரோஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிற சின்ன ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து ஆர்டர் குவிகிறது, பிரஸ்ஸில் இரண்டு மிஷினும் நிற்பதில்லை. போனில் பேசினால் நீ டிக்கெட் பேச்சை எடுப்பாய், நான் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். அதையும் உங்கள் புதுக் கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகையில் பிள்ளை பிறக்கிறது வாம்மா என்று நீ கூப்பிட்டாய், காலண்டர் சீசனில் எப்படி வருவது என்றேன் நான். முதல் ஷீட்டை நான் பார்த்து மூலையில் கையெழுத்துப் போட்ட பிறகுதானே வேலுச்சாமி அண்ணன் மிஷினை ஓட்டுவார், இருபத்து நான்கு வருஷமாக அப்படித்தானே. உடனே நீ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் அறிவிப்பை அனுப்பினாய், எண்ணூறு கிராம்தான், பதினெட்டு மணி நேரம் சார்ஜ் நிற்கும், தாளில் உள்ள நிறம் அப்படியே திரையில் தெரியும், எட்மண்டனில் நம் வீட்டில் உட்கார்ந்தே ஓகே போடலாம் என்று. நான் அதை ஒரு பிரதி எடுத்துச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, ஏ தங்கம், அது ப்ரூஃப் இல்ல வெளம்பரம், லேபிள்ல இருக்க மாதிரி எந்த வெடிதான் வெடிச்சிருக்கு, அந்தப் படத்த அடிக்கிறதே நாமதானே என்று சிரித்தார்கள். பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளை மதுரைக் கடையில் சொல்லி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அவரிடம் நான் கோபப்படவில்லை என்று சொல்.

வந்த அன்றே மை நிறுக்கிற தராசில் வைத்தேன், எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம். பன்னிரண்டு கிராம் பொய் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினெட்டு மணி நேரம் என்பது சும்மா திறந்து வைத்திருப்பவர்களுக்கு, நாலு காலண்டர் பக்கத்தைத் திறந்து வேலை பார்த்தால் ஒன்பது மணி நேரம், அது எனக்குப் போதும். உள்ளே காற்றாடி கிடையாதாம், மத்தியான வெக்கையில் அதுவும் நம்மைப்போல் சோம்பிப் போகிறது, எட்மண்டன் பனியில் அந்தக் கவலை இல்லை. எழுத்துப் பலகை சின்னதுதான், ஆனாலும் என் விரல் இரண்டு நாளில் பழகிவிட்டது. இதெல்லாம் சரி, நிறம்? அதைப் பார்க்க எட்மண்டன் என்று நினைத்துக்கொண்டு விருதுநகரில் உன் சித்தி வீட்டில் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். உன் சித்தி, நம்ம ஊரு எட்மண்டன்ல பரோட்டாவும் கெடைக்கும் என்று ராத்திரி ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தந்து என் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம்.

முதல் நாள் மகாலட்சுமி படம். வேலுச்சாமி அண்ணன் முதல் ஷீட்டைப் படம் பிடித்து அனுப்பினார், திரையில் தாயாருக்குக் காமாலை வந்த மாதிரி இருந்தது. மஞ்சளைக் குறையுங்கள் என்றேன், குறைத்தார், இன்னும் என்றேன். கடைசியில் ஷீட் எண்ணுகிற பாண்டிச்செல்வி போனை வாங்கி, அக்கா, லட்சுமி வெளுத்துப் போயி நிக்காக, இன்னும் கொறச்சா சரஸ்வதின்னுதான் விக்கணும் என்றாள். பார்த்தால் கோளாறு டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பிடித்ததில், பாவம் கம்ப்யூட்டர் என்ன செய்யும். இரண்டாம் நாள் வாசல் வெளிச்சத்தில் ஷீட்டை வைத்துப் பிடிக்கச் சொன்னேன். முருகன் படத்தில் மயில் கழுத்து நீலம் அச்சு அசலாக வந்தது, திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு மனசு நிறைய வேண்டியதுதானே, ஏனோ எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் படமே வரவில்லை. பதறிப்போய்ப் போன் போட்டால், மீனாட்சி படம் பத்தாயிரம் ஓடி முடிஞ்சிருச்சு என்கிறார் அண்ணன். யார் கையெழுத்துப் போட்டது என்றேன். நம்ம பாண்டிச்செல்விதான், நீங்க அங்கன தங்கச்சி வீட்ல நிம்மதியா இருங்கன்னு விட்டுட்டோம் என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த ஷீட்டில் தப்புத் தேடினேன். அம்மன் பச்சை நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். மூலையில் பாண்டிச்செல்வி கையெழுத்து, நடுக்கமே இல்லாமல். அவள் பயந்து நின்றாள், எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பிறகு அவள் கன்னத்தைக் கிள்ளி, ஏ புள்ள, எம்புட்டு நாளா இத மறச்சு வச்சிருந்த என்றேன். உங்க பக்கத்துலயே நின்னுதானக்கா பாத்தேன் என்கிறாள்.

ரோஷினி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்ப்யூட்டரில் பெரிய குறை ஒன்றும் இல்லை, ஒரு மாதமாகக் குறை தேடினது நான்தான். ஒரு குறை கிடைத்தால் பிரஸ்ஸுக்கு நான் வேண்டும் என்று சொல்லி இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நான் இல்லாமல் இங்கே நடந்துவிடுமோ என்று எனக்கு அவ்வளவு பயம். நடந்துவிட்டது, பத்தாயிரம் ஷீட். நீ இல்லாமல் எனக்கு முடியாதும்மா என்று சித்திரையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதைக் காதில் வாங்காமலேயே இருந்துவிட்டேனே, மன்னித்துக்கொள். விசாதான் கையில் இருக்கிறதே, தீபாவளி முடிந்த மறுநாளுக்கு டிக்கெட் போடு. அப்பா தானே சமைத்துக்கொள்வார்களாம், அந்த அறிவிப்பையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரையை மறக்காதே, பனியில் வழுக்காத செருப்பைப் போட்டு நட. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பத்ரகாளியம்மன் உன்னையும் பிள்ளையையும் சேதாரமில்லாமல் இரண்டு உயிராக ஆக்கித் தரட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், திரும்பி வருகிற டிக்கெட்டை இப்போதே போட்டுவிடாதே.

உன் அம்மா,
ச. பொன்னுத்தங்கம்