இரண்டு விரலால் ஒரு பெயர்

சின்ன காஞ்சிபுரம்,
ஆவணி 12.

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வரதராஜப் பெருமாள் துணை இருக்கட்டும். இங்கே நான் சுகம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

செத்துப்போனதாக நினைத்த நாய் சாகவில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா கையால் சொன்னதும், "என்னப்பா நடந்துது?" என்று என்னைக் கேட்டாய். கடைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டேன். போனில் என்றால் இப்படித்தான் நழுவுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கல்யாணமாகிப் போகும்வரை, காது கேளாத அம்மாவுக்கும் எனக்கும் நடுவே நீதான் இருந்தாய். அவள் கைப்பேச்சை நீ வாயால் சொல்வாய். நான் சொல்வதை நீ கையால் சொல்வாய். எழுதிக் காட்டலாமென்றால் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. சாப்பாடு, கடை, தூக்கம். இருபத்தெட்டு வருஷத்தில் இதற்குமேல் என் கை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நீ போன மறுமாதம் அந்தக் காது கிழிந்த நாய் வந்து சேர்ந்தது.

பால் பொங்கினால் அம்மாவின் முழங்காலை மூக்கால் முட்டும். வாசலில் ஆள் வந்தால் முந்தானையை இழுக்கும். வந்தது நான் என்றால் இழுக்காது, கணுக்காலை ஒரு நக்கு நக்கும். யார் வந்தது என்பதுகூட அவளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் கையைப் பார்த்தே உட்காரும், எழும், கூடையை எடுத்து வரும். இரண்டு விரலைக் காதோரம் வைத்து மடக்குவாள்; அதுதான் அதன் பெயர். தெருக்கோடியில் நின்றாலும் அந்த விரலைப் பார்த்துவிட்டு ஓடிவரும்.

ஆடி மாதம் ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். பின்கட்டில் அம்மா அதனிடம் கையால் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நாயும் எழுந்து ஒதுங்கி நின்றது. நாளெல்லாம் பேசிப் பேசிப் பட்டுப்புடவை விற்கிறவன் நான், துளசி. என் வீட்டில் நானே வேற்றாள் போல நின்றேன்.

மறுநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது நாயை ஆட்டோவில் ஏற்றி, ஓரிக்கையில் மாடு வைத்திருக்கும் அர்ஜுனனிடம் விட்டுவிட்டேன். தெருவில் புகார் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். புகார் எதுவும் வரவில்லை.

திரும்பி வந்த அம்மா வீடெல்லாம் தேடிவிட்டு, காதோரம் விரலை மடக்கி என்னிடம் கேட்டாள். போய்விட்டது என்று கையை மேலே வீசிக் காட்டினேன். செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். இல்லை என்று தலையசைத்திருக்கலாம். அப்படியே நம்பிவிட்டால் தேட மாட்டாள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நின்றாள். ஒருநாள் நான் பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள். வந்தது நான்தான் என்று சொல்ல இப்போது யாரும் இல்லையே. அன்றைக்கே ஓரிக்கைக்குப் போனேன்.

அர்ஜுனன் என்னைத் திட்டாத குறை. "செவிட்டு நாயக் கொணாந்து உட்டுட்டுப் போய்ட்டியேப்பா. எவ்ளோ கத்தினாலும் திரும்பிக்கூடப் பாக்கல. ரோட்டையே பாத்துக்கினு ஒக்காந்திருந்துச்சு. நாலு நாளாச்சு, கயித்த அத்துக்கினு பாலாத்துப் பக்கம் ஓடிப்போச்சு" என்றார்.

அதற்குக் காது நன்றாகக் கேட்கும், துளசி. வாயால் கூப்பிட்டால் அது தன்னைத்தான் என்று அதற்குத் தெரியாது.

நான் செய்ததை அம்மாவுக்குச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. மறுநாள் வண்டியில் அழைத்துப் போய் அறுந்த கயிற்றைக் காட்டினேன். கயிற்றைக் கையில் வாங்கினாள், கட்டியிருந்த கம்பத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. ஆற்று மணலில் இறங்கி, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, கையைத் தூக்கிக் காதோரம் இரண்டு விரலை மடக்கிக்கொண்டே நின்றாள். இருட்டினால் விரல் தெரியாதே என்றுதான் வீட்டுக்கு வந்தாள்.

தினமும் சாயங்காலம் போகிறோம். அக்கரையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அங்கேயும் போனோம். இதுவரை இல்லை. பக்கத்தில் நின்று நானும் விரலை மடக்குகிறேன். நான் கையைத் தூக்கினாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒருதரம் பொய் சொன்ன கை அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் கடைக்குப் போக மாட்டேன். முதலில் என்னிடம் பேசு. ஒரு சொல்லைக் கையால் எப்படிச் சொல்வது என்று காட்டிக்கொடு. எந்தச் சொல் என்று உனக்கே தெரியும். அம்மா திரும்பிப் பார்க்கும்வரை அவள் எதிரில் அதையே சொல்லிக்கொண்டு நிற்பேன்.

நீங்கள் இருவரும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசி, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
மாணிக்கவேல்.