பிரேக் பிடிக்காத நாற்காலி

ஐயா,

இன்று காலை நம் முதியோர் இல்லத்துக்கு நான்கு புதிய சக்கர நாற்காலிகள் வந்திறங்கின. பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் கூடமெங்கும் புது ரப்பர் வாசனை. மேனேஜர் அவற்றை மலை தெரிகிற பக்கமாக வரிசையாக நிறுத்தி, போட்டோவுக்கு மற்ற ஆயாக்களோடு என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

நீங்கள் பஸ் டெப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே வந்த முதல் வாரமே உங்கள் நாற்காலியின் இடது பிரேக்கை ஆட்டிப் பார்த்து, "நட்டு லூசும்மா. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு வாங்கியா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்றேன்" என்றீர்கள். நான் மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"வயசானவரு கையில ஸ்பேனரைக் குடுத்து, கைய கிழிச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஆள் வருவான், போ."

ஆள் வரவில்லை. மூன்றாவது முறை நீங்களே சொன்னபோது அவர் உங்கள் முகத்துக்கு எதிரே சிரித்தார். "பஸ்ஸா ஓட்டப் போறீங்க? கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்குத்தானே?" அன்று மதியம் நீங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை. எத்தனையோ பஸ்களின் பிரேக்கைச் சரிபார்த்து அனுப்பிய கை, ஒரு நட்டை முறுக்க வழியில்லாமல் மடியில் கிடந்தது.

கடைசியில் நான்தான் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

அந்தக் காலையில் உங்களைக் கட்டிலுக்கு மாற்ற வந்தேன். "செங்கல் இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். "இருக்குங்க ஐயா, எழுந்திருங்க" என்றேன். குனிந்து பார்க்கவில்லை. தரை கழுவியபோது அது சுவரோரம் போயிருந்தது. நீங்கள் கைப்பிடியை ஊன்றி எழுந்ததும் நாற்காலி பின்னால் ஓடியது. என் கையில் உங்கள் சட்டைதான் சிக்கியது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவே இல்லை.

பதிவேட்டில் மேனேஜர் எழுதினார்: 'சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக எழுந்து விழுந்தார்.' கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஓசூரிலிருந்து வந்த உங்கள் மகன், "அப்பா ஏங்க அவசரப்பட்டாரு?" என்று கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவருக்குப் போன் செய்து, செங்கல்லைப் பார்க்காமலே 'இருக்கு' என்றது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். இருவரும் வேங்கிக்காலில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தோம். விசாரிக்க வந்தவர்கள் பழைய நாற்காலிகளை ஓரங்கட்டச் சொன்னார்கள். அதற்காக வாங்கியவைதான் இந்த நான்கும். மேனேஜரோ தானே மனமிரங்கி வாங்கியதுபோல் பேனர் கட்டியிருக்கிறார்! விசாரணை முடியாததால் என்னை வேலையை விட்டு அனுப்பும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

இப்போது யாரை எழுப்பினாலும் இரண்டு பிரேக்கையும் போட்டு, நாற்காலியை இடுப்பால் தள்ளிப் பார்த்த பிறகே கைகொடுக்கிறேன். "ஒருத்தருக்கு இவ்ளோ நேரமா?" என்கிறார் மேனேஜர். "ஆமாங்க, இவ்ளோ நேரந்தான்" என்கிறேன்.

இன்று மதியம் அந்தப் பதிவேட்டைப் பிரித்து, என் கையெழுத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: 'அவர் சொன்னார். நாங்கள்தான் கேட்கவில்லை.' மேனேஜர் பார்த்தால் கத்துவார். கத்தட்டும். என் கோபம் இன்னும் ஆறவில்லை ஐயா. ஆறவும் வேண்டாம்.