காப்புக் கட்டியபின் நிறுத்திய மாத்திரை

பங்குனி, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஊரில் காப்புக் கட்டியாச்சு. பால்குடத்துக்கு நானும் கட்டிக்கொண்டேன், மாமியாரும். கையில் மஞ்சள் கயிறு. அவரிடம் சொன்னேன்: "விரதம் முடியுற வரைக்கும் மாத்திரை போடமாட்டேன்னு ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டேன் அத்தை." என் காப்புக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா பேரச் சொல்லிட்ட. நான் என்னத்தச் சொல்ல."

இவ்வளவு சுலபமாய் முடியும் என்று நினைக்கவில்லை.

நேர்த்தி பொய்யில்லை. முழுக்க நிஜமும் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்தே பாதி பாதிதான் போடுகிறேன். அதில் ஒரு வெள்ளை ஜிப்பாக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: மனசுக்குக் கொடுக்கும் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், ஆயுசுக்கும் அடிமை.

வியாழன்

மாத்திரையால் வந்த கை நடுக்கம் குறைந்திருக்கிறது! ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தேன். மாத்திரை போட்ட காலத்தில் கனி பள்ளிக்கூடம் கிளம்புவதே தெரியாது, அப்படித் தூக்கம். மூணாவது படிக்கிற பிள்ளை தானே தலை சீவிக்கொண்டு போகும். இன்றைக்கு நான் ரெட்டைச் சடை பின்னிவிட்டேன். "அம்மா, நீ முழிச்சிருந்தா நல்லாருக்கு" என்றாள். இதுக்காக எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கனி அப்பா துபாயிலிருந்து கூப்பிட்டார். முதல் கேள்வி: "மாத்திரை போடுறியா?" "ம்." சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷனைக் கட்டியிருக்கலாம்.

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. போன தடவை நிறுத்தியபோது கனியைக் கூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராமேஸ்வரம் போய்விட்டேன். பிள்ளை பசியில் அழுதிருக்கிறது, நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளை அறந்தாங்கியில் அவர் அக்கா வீட்டில்தான் வளரும் என்று சொல்லிவிட்டார். மதினி தங்கமான மனுஷி. அதுதான் பயம். கனி அங்கேயே ஒட்டிக்கொள்வாள்.

இந்தத் தடவை அப்படி ஆகாது. தெளிவாக இருக்கிறேன்.

சனி

தைக்க: டீச்சர் ஜாக்கெட். எதிர் வீட்டு அக்கா பட்டு ஜாக்கெட். பாவாடை ஓரம். கொக்கி. எல்லாம் முடிந்தது. தூக்கம் வரலை, தேவையும் இல்லை. வீடு கழுவினேன், திரும்பவும் கழுவினேன். கீரமங்கலத்தில் மல்லிகை வாங்கி பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். கண்டக்டருக்கும். தையல் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாம். புதுக்கோட்டையில் ஒன்று, துபாயில் ஒன்று.

வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டேன்: தூக்கமே இல்லை, பேச்சு நிற்கமாட்டேன் என்கிறது. உடனே பதில். "பயப்படாதீங்க சகோதரி, மாத்திரை விஷம் வெளியேறுது." கூடவே அவர்கள் விற்கிற மூலிகைப் பொடி வாங்க ஒரு நம்பர்.

சரி, வெளியேறட்டும்.

திங்கள்

எதிர் வீட்டு அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். ஜாக்கெட் இல்லை. அந்தப் பட்டு கனிக்குக் கவுன் ஆகியிருக்கிறது. வெட்டும்போது எவ்வளவு சரியாகத் தெரிந்தது! அவர் கத்த, நான் அதற்கு மேல் கத்த, நடுவில் எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவே இல்லை. பயந்துபோய் வெளியே போய்விட்டார்.

கனி கவுனைத் தொடவில்லை. மாமியார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ராமேஸ்வரத்துல பேசுன மாதிரி பேசாத."

கவுனைக் கீழே வைத்தேன். விஷமாவது வெளியேறுவதாவது. நோய்தான் உள்ளே வந்திருக்கிறது.

மாமியாரிடம் கேட்டேன், மாத்திரை போட்டால் சாமி குத்தம் ஆகிவிடுமா என்று. அவருக்கு வந்ததே கோபம். "காப்புக் கட்டிக்கிட்டு நான் தெனமும் சுகர் மாத்திரை முழுங்கல? ஆத்தா என்னைக்கு வேணாம்னா? நேந்துக்கிட்டேன்னு நீ சொன்னியேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு அவரே அழுதார்.

புதன்

மாமியாரோடு புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் தங்கக் கூடாது, பொழுதுக்குள் திரும்பிவிட்டோம். டாக்டரம்மா திட்டவில்லை. வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தார். "கிட்னியப் பாக்கத்தானே நாங்க ரத்தம் எடுக்குறோம். இவரு உங்களுக்கு எடுத்தாரா?" பிறகு, "காலையில எந்திரிக்க முடியலன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

சொல்லியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் நானாகச் சொல்ல வேண்டும்; ஜிப்பாக்காரர் நான் கேட்காமலே மாத்திரை கெடுதல் என்றார், அதான் நம்பினேன்.

மாத்திரையை மாற்றி எழுதினார். நோய் அடங்கக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரை பிள்ளையை என்னோடு தனியாக விட வேண்டாம். இதை மட்டும் மாமியாரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

வெள்ளி

மாமியார் ஒருத்தரால் என்னையும் பிள்ளையையும் பார்க்க முடியாது. நானே கனி அப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாளில் நிறுத்தினேன் என்று கேட்டார். பிறகு, "அக்காகிட்ட நான் பேசவா?" "வேணாம், நானே பேசுறேன்." பேசினேன். "மதினி, கொஞ்ச நாளைக்குக் கனிய வச்சுக்கங்க." ஏன் என்று கேட்கவில்லை. "இந்தா வாரேன்."

யாரும் பிடுங்கவில்லை. நானே துணி மடித்தேன், நானே பையில் வைத்தேன்.

கனி மதினியின் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள். "டாக்டர் சரின்னதும் வந்து கூட்டிக்கிறேன்டி" என்றேன்.

"போன்ல வேற யாராச்சும் வேற மாதிரி சொன்னா?"

அவள் மடியில் பையை வைத்தேன். மதினி வண்டியை எடுத்துவிட்டார்.