முப்பத்தொன்பதாம் இடம்

அன்புள்ள கொக்குக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் கடிதம் வந்து இன்றோடு பதினொரு நாள். முப்பது வருடப் பழக்கத்தில் நீ எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான். எங்கள் பத்திரிகைப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு முப்பத்தொன்பதாம் இடம், அதைக் காட்டியே வேதியியல் இளநிலைப் படிப்பை இழுத்து மூடப் பார்க்கிறார்கள், இருபதாம் தேதி ஆட்சிக்குழு கூடி முடிவு செய்கிறது, நீ நன்றாக இரு. அவ்வளவுதான். ஒரு திட்டுகூட இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் மூன்று நாள் எனக்கு உன்மேல்தான் கோபம். பட்டியலை நான் ஒருத்தனா போட்டேன்? நாற்பத்திரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள். கட்டணம் எவ்வளவு, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், மூன்று வருடப் படிப்பை மூன்று வருடத்திலேயே முடிப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர், முடித்ததும் வேலை கிடைக்கிறதா, எல்லாம் கணக்கு. கொடுக்கிற காசுக்கு எங்கே நல்ல படிப்பு கிடைக்கும் என்று பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த இதழுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிற அம்மாக்களை நானே பேருந்தில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. இதையெல்லாம் உனக்குப் பதிலாக எழுதி, இரண்டு பக்கம் நிரப்பி, கிழித்துப் போட்டேன்.

நாலாம் நாள் உங்கள் துறை அனுப்பிய படிவத்தைத் தேடி எடுத்தேன். உன் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி, இன்னும் மாறவில்லை. உரிய காலத்தில் முடிப்பவர் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் என்று எழுதியிருந்தாய். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் சின்னதாக, மீதிப் பேரில் பெரும்பாலோர் நாலு, ஐந்து வருடத்தில் முடித்துவிடுகிறார்கள், பாதியில் போகிறவர்கள் மிகக் குறைவு என்று சேர்த்திருந்தாய். அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. உதவியாளர் கவனிக்கவில்லை என்று சொல்லி உன்னிடம் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த வரியை நான் படித்தேன், கொக்கு. படித்துவிட்டுத்தான் தாண்டிப் போனேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் பழைய கதை கொஞ்சம். உனக்குத் தெரியாதது இல்லை. எழுதிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

நீ இன்று பாடம் நடத்துகிற அதே ஆய்வுக்கூடத்தில், நாம் படித்த காலத்தில் மேற்கு ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? மழை பெய்தால் அதன் கீழே இருக்கிற மேசைக்காரன் ஒரு கையில் குடை, மறு கையில் குடுவை என்று நிற்பான். அப்படியும் ஆளுக்கொரு மேசை, சொட்டுச் சொட்டாக அளந்து விட ஆளுக்கொரு பியூரெட் குழாய். பழசோ, விளிம்பு போனதோ, அவனவன் கையால்தான் செய்ய வேண்டும். கண்ணாடிச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் அக்கா ஒவ்வொன்றையும் பெற்ற பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பாள். ஒரே வாரத்தில் நீ மூன்றை உடைத்தபோது, இந்த உயரத்துக்குத் தரை ரொம்ப தூரம், கீழே விழுந்தா எப்படிப் பிழைக்கும் என்று கேட்டாளே. வகுப்பே சிரித்தது, நீ மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாய்.

சுவருக்கு வர்ணம் அடிக்கப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்தது நம் இரண்டாம் வருடம். விடிவதற்கு முன் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வகுப்புக்கு வந்து தூங்குவேன். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்த புண்ணியவான் நீதான். வெள்ளி நைட்ரேட் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்ததைப் பார்த்து, இந்தக் கையோட மாவைத் தொடாதே என்று பேக்கரிக்காரர் என்னை ரொட்டிக்குக் காகிதம் சுற்ற அனுப்பினார். வேலை லேசாயிற்று, படிப்புதான் கைவிட்டுப் போயிற்று. தேர்வில் தோற்றேன். மறுபடியும் தோற்றேன். அப்புறம் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

நீ பேக்கரி வாசலில் வந்து நின்றாய். ஸ்டோர் அக்கா சொல்லி அனுப்பியதை ஒப்பித்தாய்: உடைச்சாக்கூடப் பரவாயில்ல, வராம மட்டும் இருக்க வேணாமாம். மறுநாள் வந்தேன். நம் துறையின் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்தங்கியவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, குரலை மாற்றாமல் எங்களையும் கூப்பிடுவார். அப்படியே மூன்று வருடம். நீ மேல்படிப்புக்குப் போன பிறகும் சனிக்கிழமை வந்து என் மேசைப் பக்கத்தில் நின்றாய். சொட்டு சொட்டாக விடுடா, அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் மாதிரி வேறு நாட்கள் அப்புறம் வாய்க்கவில்லை.

அதே சமயம் என் சித்தப்பா மகன், இன்று எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் படித்தான். மஞ்சள் காமாலை வந்து ஒரு பருவம் போகவில்லை. விதிப்படி பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவான். பெயரை எடுத்த பிறகு அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. உரிய காலத்தில் முடிப்பவர் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் என்று அவர்கள் காட்டுவது அப்படித்தான். நான் அங்கே நேரில் போனேன், தெரியுமா? படம் எடுக்க வேண்டும் என்பதால் முதல் ஐந்து இடங்களுக்கு மட்டும் போனோம். கண்ணைப் பறிக்கிற கருவி ஒன்று, சுற்றிலும் இருபது பிள்ளைகள் கைகட்டி நிற்கிறார்கள். இதைத் தொட்டுப் பார்த்ததுண்டா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். மேல்படிப்புக்காரங்கதான் தொடலாம் என்றாள். அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து, கருவி இருக்கிறது என்று எழுதினேன். உங்கள் இடத்துக்கு நான் வரவே இல்லை.

இப்போது அந்த ஏனுக்கு வருகிறேன். உரிய காலத்தில் முடிப்பதற்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று சேர்த்தவன் நான். அலுவலகக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மூன்றே வருடத்தில் படித்துக் கிழித்தவர்கள். நானும் அப்படித்தான் என்று காட்டிக்கொள்ள, மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசினேன். வேலைக்கு விண்ணப்பித்தபோதே நான் படிப்பில் சேர்ந்த வருடத்தை இரண்டு வருடம் தள்ளிப் போட்டுத்தான் எழுதியிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பொய்யில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். உன் ஓரக் குறிப்பில் நான் இருந்தேன். அதனால்தான் தாண்டினேன். வெட்கமாக இருக்கிறது, கொக்கு.

போன வாரம் கணக்கைத் திரும்பப் போட்டேன். சேர்ந்தவர்களில் கடைசியில் பட்டத்தோடு வெளியே போனவர் எத்தனை பேர் என்று பார்த்தால் நீங்கள் பதினேழாம் இடம். எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அச்சில் வந்தது வந்ததுதான் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. அஞ்சு வருஷம் படிச்சும் இவ்வளவுதானா என்று கேட்டாள். அப்புறம் அவளே, வேலை போனாப் போகட்டும், உங்க சிநேகிதருக்கு எழுதுங்க என்றாள்.

இத்துடன் ஆட்சிக்குழுவுக்கு நான் எழுதிய கடிதம் இருக்கிறது. புதுக் கணக்கு, நான் சேர்த்த மதிப்பெண், தாண்டிப் போன உன் வரி, நான் படிக்க எடுத்துக்கொண்ட வருடங்கள், கீழே என் கையெழுத்து. இதனால் உங்கள் படிப்பு பிழைக்குமா தெரியாது. இருபதாம் தேதி காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். கேட்டால் நேரிலும் சொல்வேன். நீ என்னோடு பேச வேண்டும் என்பதில்லை. அந்தக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும்.

நீயும் உன் பிள்ளைகளும் அந்த ஆய்வுக்கூடமும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தைப் படித்துப் பார், தப்பு இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்து. ஆளை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடாதே.

உன்,
தூங்குமூஞ்சி