பற்றை விட்டவருக்கு

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலமாகத்தான் இருப்பீர்கள், கவலையையெல்லாம் இங்கே இறக்கி வைத்துவிட்டுத்தானே புத்த விகாரைக்குப் போனீர்கள்.

பாப்பாவுக்குத் தலைக்குள் கட்டி. இருபத்திரண்டு வயதில் பார்வை போய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். யார் காலடிச் சத்தம் கேட்டாலும் "அப்பாவா?" என்கிறாள். நம் தத்துவச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா

ஜூன் 9

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

படித்ததும் நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றத்தையே கவனித்தபடி உட்கார்ந்தேன், சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. நான் வந்தால் அவளுக்குப் பற்றுதான் கூடும், போவது இன்னும் கஷ்டமாகும். தோன்றியதெல்லாம் மறையும். நீ கல்லூரியில் நடத்தும் மேலைத் தத்துவம் இன்னும் 'நான், என் முடிவு' என்று அந்த 'நானை'யே கட்டிக்கொண்டு அழுகிறது.

அவளை மூச்சைக் கவனிக்கச் சொல். மனம் அமைதியாகும்.

அன்புடன்,
நான்

ஜூன் 14

மூச்சு விடத்தான் அவள் திணறுகிறாள்.

வாழ்க்கையின் அர்த்தத்தை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை, நாம் செய்வதுதான் அர்த்தம். நான் நடத்துவது இவ்வளவுதான். வராமல் இருப்பதும் நீங்கள் செய்கிற காரியம். புத்தரும் பிள்ளையை விட்டுப் போனவர்தான். ஆனால் திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

வாத்தியாரம்மா

ஜூன் 20

அன்புள்ளவளுக்கு,

உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் அவள்தான் நிற்கிறாள். நீ சொன்னது சரி. பெரிய துறவியிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் புறப்படுகிறேன். பாப்பாவிடம் சொல்லி வை.

உன்னவன்

ஜூன் 24

பாப்பா பதினேழாம் தேதி போய்விட்டாள்.

முந்தின நாள், ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்தார். "அப்பாவா?" என்றாள். நான் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மடத்துக்குப் போன அப்பாவையே அவள் கேட்டுக்கொண்டிருப்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும், மனிதர் புரிந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன் கண்ணு" என்றார்.

"ஏம்ப்பா கை இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

"மடத்துல விறகு வெட்டுறேன்ல."

"நல்லா வேணும், எங்களை விட்டுட்டுப் போனீங்கல்ல" என்று சிரித்தாள். அந்தக் கையை விடவே இல்லை. வேலை நேரம் முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில், பிடி தளர்ந்த பிறகுதான் எழுந்தார்.

அவளுக்கு அப்பா வந்து சேர்ந்தாயிற்று. இனிமேல் நீங்கள் வந்தால் அவள் நம்பிப் போனது பொய்யாகிவிடும்.

வர வேண்டாம்.

பாப்பாவின் அம்மா