பகிடிதானே என்கிறார்கள்

மச்சான்,

சட்டையில் குத்திவிட்ட ‘பிரதம விருந்தினர்’ பட்டியைக் கழற்றாமலே இதை எழுதுகிறேன். மைதானத்தில் இருந்து இப்போதுதான் வந்தேன். மனிசி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் மைதானத்து விசயம் என்றால் எனக்கு உன்னிடம் சொன்னால்தான் மனம் ஆறும்.

இன்று எங்கள் கழகத்து மைதானத்தில் பெண்கள் உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். எதிரணி தென்மராட்சிப் பக்கத்தில் இருந்து வந்திருந்தது. அவர்களின் கோல்காப்பாளர் கொஞ்சம் உடம்பான பிள்ளை. முதல்தரம் பந்து அவளிடம் போனதும் எங்கள் அறிவிப்பாளன் மைக்கில் சொன்னான், “கோலுக்குள்ளை தண்ணி பவுசர் லொறி ஒண்டு நிக்குது. இனிப் பந்து எங்காலை போறது?”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அதுதான் பெயர். அவள் குனிந்தால் பவுசர், எழும்பினால் பவுசர். கோலுக்குப் பின்னால் நின்ற இளந்தாரிகள் லொறி பின்னுக்கு வருகிற சத்தத்தை வாயால் போட்டார்கள். தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற தகப்பன்மாரும் சிரித்தார்கள். தங்கள் பிள்ளைக்கு ஒருவன் இப்படிச் சொன்னால் கத்தி எடுப்பார்கள். ஊரான் பிள்ளை என்றால் அது பகிடி.

நீ மைக் பிடித்த காலத்தை நினைத்தேன். இருபது வருடம் எங்கள் கழகத்துக்கு நீதான் அறிவிப்பாளன். ஆட்டம் தொடங்க முதல் எதிரணியிடம் கொப்பியோடு போவாய். ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டுவாய். “அவங்கள் வராட்டி நாங்கள் ஆரோடை விளையாடுறது?” என்பாய். அவர்கள் கோல் போட்டாலும் உன் குரல் இறங்காது. அதற்காகவே எங்கள் ஆட்கள் சிலருக்கு உன்னில் கோபம்.

கடற்கரை ஊர் அணியோடு நடந்த ஆட்டத்தை நான் மறக்கவில்லை. அவர்களின் வலதுபக்க வீரன் பந்தை எடுத்து எறிய எல்லைக்கோட்டுக்கு வந்த போதெல்லாம் எங்கள் சனம் மூக்கைப் பொத்தியது. அவன் மீன்பிடிக்கப் போகிறவன் என்பதற்காக. மூன்றாம்தரம் நீ பொறுக்கவில்லை. ஆட்டத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டாய்: “மூக்கைப் பொத்துறவை எல்லாரும் நேற்று மத்தியானம் என்ன கறியோடை சாப்பிட்டனீங்கள்? ஒராள் இஞ்சை வந்து சொல்லுங்கோ. மைக் தாறன்.”

ஒருவரும் வரவில்லை. பொத்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்தப் பொடியன் ஒருகணம் உன் மேசைப் பக்கம் பார்த்துவிட்டுப் பந்தை எறிந்தான்.

அன்றைக்கு நாங்கள் ஒரு கோலால் தோற்றோம். அடுத்த கிழமை நிர்வாகக் கூட்டத்தில், தோல்விக்குக் காரணம் நீ என்றார்கள். ஊரை மைக்கில் வைத்து அவமானப்படுத்திவிட்டாயாம். மூக்கைப் பொத்தியது அவமானம் இல்லை, கேட்டதுதான் அவமானம். உன்னிடம் இருந்து மைக்கை எடுப்பதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? பக்கத்தில் இருந்தவன் தூக்கினான், நானும் தூக்கினேன்.

அடுத்தநாள் நீ சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தாய். மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்தோம். கூட்டத்தைப் பற்றி நீ ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ ஆட்டம் பார்க்க வந்தாய், ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாய்.

இன்று இடைவேளையில் நான் எழும்பி மைக் மேசைக்குப் போனேன்.

“தம்பி, அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?”

“தெரியாது அண்ணை.”

“பேர் தெரியாது, உடம்பு மட்டும் தெரியுதோ?”

“பகிடிதானே. சனம் ரசிக்குது, பாருங்கோ.”

“அப்ப அந்தப் பிள்ளையிட்டை மைக்கிலை மன்னிப்புக் கேள். இல்லாட்டி நான் கேடயம் குடுக்கமாட்டன்.”

கழகத் தலைவர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார். “அண்ணை, நீங்கள் பிரதம விருந்தினர். கதிரையிலை இருங்கோ” என்றார். நான் இருக்கவில்லை. இரண்டாம் பாதி முழுக்க அவள் நின்ற கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் வாயை மூடினார்கள். மைக் மூடவில்லை.

ஆட்டம் தண்ட உதைக்குப் போனது. கடைசி உதையை அவள் இடதுபக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். அவர்கள் வென்றார்கள். அந்த அறிவிப்பாளன் கொஞ்சமும் கூசாமல் “எங்கடை தங்கச்சி, வீராங்கனை” என்று கத்தினான். எனக்குப் பதிலாகக் கேடயத்தை லண்டனில் இருந்து வந்திருந்த ஒருவர் கொடுத்தார். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை.

சனம் கலைகிற நேரம் நான் அவளிடம் போனேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாளாம்.

“பிள்ளை, அவன் சொன்னதுகளைக் காதிலை போடாதேங்கோ” என்றேன்.

“போடாமல் எப்பிடி ஐயா? நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டியிருக்கினம்.”

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “முதல் பாதி முழுக்க நீங்கள் முன்கதிரையிலைதானே இருந்தனீங்கள்?”

கோபமாகக் கேட்கவில்லை, மச்சான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாற்பத்தைந்து நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முகத்தைச் சுளித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் “இது சரியில்லை” என்று மெல்லச் சொன்னேன். அவ்வளவுதான். வெள்ளை வேட்டி கட்டி, முன்னுக்கு இருந்து, சிரிக்காமல் இருந்ததையே பெரிய மரியாதை என்று நினைத்திருக்கிறேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தானே அவனும் தொடர்ந்து சொன்னான்.

நீ என் வீட்டுக்கு வந்த அன்று, நானும் கை தூக்கினேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ கேட்டிருக்கலாம். கேட்காமல் போய்விட்டாய். இன்று முன்பின் தெரியாத ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். அவளுக்கும் நான் மறுமொழி சொல்லவில்லை.