ஆம்பளைக்கு வலிக்காதா?

குணா,

"ஆம்பளைக்கு வலிக்காதா நைனா?" என்று நேற்று படகில் கேட்டாய். கெளுத்தி மீன் முள் கையில் குத்தி நீ அழுததும், "இன்னாடா, பொம்பளையா நீ?" என்று மாமன்மார் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் உன்னை அறைந்துவிட்டேன்.

வலிக்கும்டா. உன் வயதில் நான் ஏரியில் முங்கி அழுதேன். இன்றும் அவர்களோடுதான் வலை இழுக்கவேண்டும். அவர்கள் முன்னால் இதைச் சொல்ல வாய் வராது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கவேண்டியது உன்னிடம்தான்.

கஞ்சி சட்டியில் இருக்கிறது. கையை வெந்நீரில் வை.

நைனா

பையன்கள் மனம்விட்டுப் பேச உங்கள் சார் நடத்தும் வகுப்புக்கு அனுப்பமாட்டேன் என்றேனே, அதற்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பையில் இருக்கிறது.

அறைந்த கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீ விழிக்கவில்லை.